மேசையில் கிடந்த காகிதம்: சட்டம் படித்து வாஷிங்டனுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

போன பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது உங்களில் மூன்று பேரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'ழ' வரவில்லை என்று கண் கலங்கி உட்கார்ந்திருந்தவர்கள், இப்போது சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். "கோர்ட்டுக்கெல்லாம் போகப் போறதில்ல ஆன்ட்டி, வாஷிங்டன் போய் அரசாங்கத்துல வேலை செய்யப் போறோம்" என்றீர்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம் மனதில் நின்றுகொண்டே இருந்தது. வடைக்குக் கை நீட்டிக்கொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. உங்களைப் போல இதே வழியில் போகும் பிள்ளைகள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள் என்பதால் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். தமிழில் எழுதினால் வேகமாகப் படித்துவிட்டுப் போக மாட்டீர்கள், கொஞ்சம் நின்றுதான் படிப்பீர்கள் என்கிற நம்பிக்கையும் உண்டு.

முதலில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. சின்ன வயதிலிருந்து காதுக்கருவி போட்டிருக்கிறாள். கருவி போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். நாற்காலி இழுபடுவது, ஏசியின் இரைச்சல், பின்னால் ஒரு பையன் பென்சிலால் தட்டுவது எல்லாம் டீச்சரின் குரலோடு கலந்து காதுக்குள் வரும். இதற்காகவே ஒரு மைக் இருக்கிறது. தீப்பெட்டி அளவுதான். டீச்சர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் அவர் குரல் நேராக இவள் கருவிக்குப் போய்விடும்.

அந்த மைக்குக்காக ஒரு பள்ளியில் ஐந்து மாதம் காத்திருந்தோம். முடியாது என்று யாரும் சொல்லவில்லை. முகம் கொடுத்துத்தான் பேசினார்கள். எப்போது கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வரும். அந்த மாதங்களில் ஒரு நாள் ராத்திரி, தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "எல்லாரும் சிரிக்கும்போது நானும் சிரிச்சிடுவேம்மா. எதுக்குன்னு தெரியாது." என் கை அப்படியே நின்றுவிட்டது.

கடைசியில் ஒரு வட்ட மேசையைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். நான்கு பக்கத்துக்கு ஒரு தாள் கட்டு. முதல் பக்கத்தில் மேலே 504 என்று எண் போட்டிருந்தது. டீச்சர் மைக் மாட்ட வேண்டும், காட்டுகிற வீடியோவில் எழுத்து ஓட வேண்டும், மகளை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அடுத்த வாரம் மைக் வந்துவிட்டது. இந்த 504 என்ன எண் என்று அன்று இரவு தேட ஆரம்பித்தேன். தேடிப் போன இடத்தில்தான் ஜோசப் கலிஃபானோ என்கிற மனிதரைச் சந்தித்தேன். நீங்கள் போகப் போகிற பாதையில் உங்களுக்கு வெகு முன்னால் போனவர் அவர். அதனால்தான் அவரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1931-இல் ப்ரூக்ளினில் பிறந்தவர். அப்பா இத்தாலிய வம்சம், அம்மா ஐரிஷ் வம்சம். அம்மா பள்ளி ஆசிரியை. ஹோலி கிராஸ் கல்லூரியில் படித்துவிட்டு 1955-இல் ஹார்வர்டில் சட்டப் பட்டம் வாங்கினார். கடற்படையின் சட்டப் பிரிவில் மூன்று வருடம், பிறகு நியூயார்க்கில் ஒரு பெரிய சட்ட நிறுவனம். கென்னடி அதிபரானதும் 1961-இல் பாதுகாப்புத் துறையின் தலைமையகமான பென்டகனுக்குப் போனார். அங்கே துறையின் தலைமை வழக்கறிஞர் சைரஸ் வான்ஸுக்கும் பிறகு பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாராவுக்கும் உதவியாளர். அவருடைய சுறுசுறுப்பைப் பார்த்து 1965 ஜூலையில் அப்போதைய அதிபர் லிண்டன் ஜான்சன் அவரை வெள்ளை மாளிகைக்கு இழுத்துக்கொண்டார். உள்நாட்டு விவகாரங்கள் முழுக்க அவர் கையில் வந்தன. அப்போது வயது 34.

ஜான்சனிடம் சேர்ந்த புதிதில் நடந்ததை அவரே பல முறை சொல்லியிருக்கிறார். டெக்ஸஸில் ஜான்சனுடைய பண்ணை வீட்டில் நீச்சல் குளம். இரண்டு பேரும் தண்ணீரில். ஜான்சன் நல்ல உயரம், அவர் கால் தரையில் ஊன்றி நிற்கிறது. கலிஃபானோவுக்குக் கால் எட்டவில்லை. கை காலை அசைத்து மிதந்துகொண்டே கேட்க வேண்டும். ஜான்சன் விரலால் அவர் தோளில் குத்திக் குத்திப் பேசுகிறார்: போக்குவரத்துக்குத் தனித் துறை வேண்டும், நகரங்களைச் சீரமைக்கும் திட்டம் வேண்டும், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் இவர் கொஞ்சம் தண்ணீருக்குள் போய் வருகிறார். அந்த மூன்றுமே நடந்தன. போக்குவரத்துத் துறையும் நகரத் திட்டமும் 1966-இல் சட்டமாயின. வீட்டு உரிமைச் சட்டம் மட்டும் இழுபட்டு, மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தானது.

உங்களுக்குக் காத்திருக்கும் வேலையும் இதுபோலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். தரையில் நிற்கிறவர் சொல்லச் சொல்ல, மிதந்துகொண்டே அதைக் கேட்டு, கரைக்கு வந்து காகிதமாக்க வேண்டும். ராத்திரி பகல் பார்க்க முடியாது. கழிப்பறையில் இருந்ததால் ஒரு முறை கலிஃபானோவால் போனை எடுக்க முடியவில்லை. உடனே அங்கேயும் ஒரு போன் போடச் சொல்லிவிட்டார் ஜான்சன்.

இன்னொரு சம்பவம் எனக்கு இதைவிட முக்கியம். கலிஃபானோவின் சின்ன மகன் ஒரு நாள் ஆஸ்பிரின் பாட்டிலைத் திறந்து மாத்திரைகளை விழுங்கிவிட்டான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். பையன் பிழைத்துக்கொண்டான். ஜான்சன் மருத்துவமனைக்கே போன் செய்தார். விஷயம் தெரிந்ததும், குழந்தைகள் திறக்க முடியாதபடி பாட்டில் மூடி இருக்க வேண்டும், இதற்கு ஒரு சட்டம் வேண்டும் என்றார். அதிலிருந்து ஆரம்பித்த முயற்சி ஜான்சன் பதவியை விட்டுப் போன பிறகு 1970-இல் நிறைவேறியது. இன்றைக்கு நம் வீட்டில் மாத்திரை டப்பாவை அழுத்திக்கொண்டே திருகித் திறக்கிறோமே, அது அந்தக் குழந்தையின் வீட்டிலிருந்து வந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் இதற்கு வருவேன்.

வெள்ளை மாளிகையில் இருந்த அந்த மூன்றரை வருடங்களில் அவர் பக்கத்திலிருந்து பார்த்த ஒரு வேலையைச் சட்டம் படிக்கிற உங்களிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். முதியோருக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடான மெடிகேர் சட்டம் 1965 ஜூலை 30 அன்று கையெழுத்தானது, அடுத்த ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அப்போது தெற்கு மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு வார்டு, கறுப்பருக்கு ஒரு வார்டு என்று மருத்துவமனைகள் இருந்தன. 1964-இல் வந்த குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, மத்திய அரசின் பணத்தைத் தொடுகிற யாரும் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. மெடிகேர் பணம் வேண்டுமென்றால் வார்டைப் பிரிக்காதே என்று அரசு சொன்னது. எத்தனையோ வருடமாக அசையாத சுவர்கள் சில மாதங்களில் விழுந்தன. சட்டத்தில் ஒரு வாக்கியம், அதைச் செயலாக்க ஒரு விதிமுறை, அதன் பின்னால் பணம். மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்த்த மனிதர் கலிஃபானோ. அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஜான்சன் போன பிறகு எட்டு வருடம் வாஷிங்டனில் வக்கீல் தொழில். ஜனநாயகக் கட்சிக்குச் சட்ட ஆலோசகராக இருந்தார். 1972-இல் வாட்டர்கேட் கட்டடத்தில் கட்சி அலுவலகத்தை உடைத்துப் புகுந்தவர்கள் பிடிபட்டதும், சில நாள்களுக்குள் அதிபர் நிக்ஸனின் தேர்தல் குழு மீது கட்சி சார்பில் வழக்குப் போட்டவர் அவர்தான். வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகைக்கும் அவருடைய நிறுவனம்தான் வக்கீல். 1977 ஜனவரியில் ஜிம்மி கார்ட்டர் அவரை அமைச்சராக்கினார். சுகாதாரம், கல்வி, நலம் மூன்றும் அன்றைக்கு ஒரே துறை. அமெரிக்காவையும் சோவியத் யூனியனையும் விட்டால் உலகத்தில் அந்தத் துறையின் பட்ஜெட்தான் பெரியது என்று அப்போது சொல்வார்களாம்.

அந்த அறையில் அவர் போய் உட்கார்ந்தபோது ஒரு காகிதம் ஏற்கெனவே அங்கே இருந்தது.

1973-இல் மறுவாழ்வுச் சட்டம் என்று ஒன்று நிறைவேறியது. அதன் 504-ஆம் பிரிவு ஒரே ஒரு வாக்கியம். மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்தத் திட்டத்திலும், உடல் குறைபாட்டை மட்டும் காரணம் காட்டி, தகுதியுள்ள யாரையும் விலக்கக் கூடாது. 1964 சட்டத்தின் அதே வாய்பாடு, இடத்தில் மட்டும் வேறு மனிதர்கள். ஆனால் வாக்கியம் மட்டும் இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு என்ன தெரியும்? படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்ட வேண்டுமா, காது கேட்காத பிள்ளைக்கு யார் என்ன செய்து தர வேண்டும், செய்யாவிட்டால் எங்கே புகார் கொடுப்பது என்பதையெல்லாம் விதிமுறையில்தான் எழுத முடியும். அந்த விதிமுறையில் துறை அமைச்சர் கையெழுத்துப் போட வேண்டும். துறையின் குடிமை உரிமைகள் பிரிவில் ஜான் வோடாட்ச் என்கிற இளம் வழக்கறிஞர் பாடுபட்டு அதை எழுதினார். அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அமைச்சரானவர் இல்லை, பெரிய புகழும் கிடையாது. ஆனால் என் மகள் கழுத்தைத் திருப்பித் திருப்பி உதட்டைப் பார்க்காமல் பாடம் கேட்கிறாள் என்றால், அவர் உட்கார்ந்து எழுதிய வரிகளுக்கு அதில் பங்கு உண்டு.

காஸ்பர் வைன்பெர்கர் அமைச்சராக இருந்தார், கையெழுத்தாகவில்லை. அடுத்து டேவிட் மேத்யூஸ் வந்தார். 1976-இல் நீதிமன்றமே விதிமுறையை வெளியிடச் சொல்லியும் போடாமலேயே பதவியை விட்டுப் போனார். தேர்தல் நேரத்தில் கார்ட்டர் வாக்குக் கொடுத்திருந்ததால், கலிஃபானோ வந்ததும் இனி நடந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஏழைகளுக்காகவும் கறுப்பர்களுக்காகவும் சட்டங்கள் வரப் பாடுபட்ட மனிதர் ஆயிற்றே.

அவர் அவகாசம் கேட்டார். படித்துப் பார்க்க வேண்டும், செலவு எவ்வளவு ஆகும் என்று தெரிய வேண்டும், குடிநோயாளிகளும் போதைக்கு அடிமையானவர்களும் இதில் வருவார்களா என்று யோசிக்க வேண்டும் என்றார். வக்கீலாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான கேள்விகள். பரிசீலிக்க ஒரு குழுவும் போட்டார். அந்தக் குழுவில் உடல் குறைபாடு உள்ளவர் ஒருவர்கூட இல்லை.

பிள்ளைகளே, உங்களை நான் கேட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான் இருக்கிறது. குழு போடுகிற நாளில் அந்த அறையில் ஒரு மூலையில் கையில் நோட்டோடு ஒரு இளம் வக்கீல் நின்றிருப்பார். நாளைக்கு அது நீங்களாக இருக்கலாம். "சார், இவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைக்கலாமே" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷத்தை யாரும் செலவழிக்காததால் அடுத்து என்ன ஆனது என்று கேளுங்கள்.

ஊனமுற்றோர் அமைப்புகளின் கூட்டமைப்பை அப்போது நடத்தியவர் ஃப்ராங்க் போ. காது கேளாதவர். ஏப்ரல் 4-க்குள் கையெழுத்து வராவிட்டால் துறை அலுவலகங்களில் போய் உட்காருவோம் என்று கெடு வைத்தார்கள். வரவில்லை. 1977 ஏப்ரல் 5 அன்று பல நகரங்களில் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். வாஷிங்டனில் கலிஃபானோ வெளியே வந்து பேசினார், இன்னும் கொஞ்சம் நேரம் கேட்டார். உள்ளே சாப்பாடு அனுமதிக்கப்படவில்லை. ஒரு நாளுக்குச் சற்று மேல் தாக்குப் பிடித்துவிட்டு அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

சான் ஃப்ரான்சிஸ்கோவில் மட்டும் வெளியேறவில்லை. அங்கே முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஜூடி ஹ்யூமன். குழந்தையிலேயே போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். நாற்காலியில் இருக்கிறார் என்பதற்காக 1970-இல் நியூயார்க்கில் ஆசிரியர் உரிமம் மறுக்கப்பட்டு, வழக்குப் போட்டு வாங்கியவர். அவரும் கிட்டி கோனும் இன்னும் நூற்றுக்கு மேற்பட்டவர்களும் நான்காம் மாடியில் தங்கிவிட்டார்கள். மாற்று உடை இல்லை. சிலருக்கு இரவில் திரும்பிப் படுக்க இன்னொருவர் கை வேண்டும். சிலருக்குக் குளிரில் வைக்க வேண்டிய மருந்து. ஏசியின் மேல் பெட்டியை ஒட்டி அதற்குள் மருந்தை வைத்தார்கள். அரசு வெந்நீரை நிறுத்தியது, போன் இணைப்பை வெட்டியது.

போனை வெட்டியபோது வெளியே சேதி சொன்னவர்கள் யார் தெரியுமா? காது கேளாதவர்கள். நான்காம் மாடி ஜன்னலருகே நின்று சைகையில் பேசினார்கள். கீழே தெருவில் நின்ற காது கேளாத நண்பர்கள் அதைப் படித்து, பதில் சொன்னார்கள். கட்டடத்தில் மற்ற எல்லோருக்கும் வாய் அடைபட்ட நேரத்தில் அவர்கள் கைகள் பேசின. இதை என் மகளிடம் சொன்ன அன்று அவள் மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னாள்.

கறுப்பர் உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் ஓக்லாந்திலிருந்து பாலத்தைத் தாண்டி சூடான சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுடைய தோழர் பிராட் லோமாக்ஸும் சக்கர நாற்காலியில் உள்ளே இருந்தார். நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி மெத்தைகள் அனுப்பினார். அந்தக் கட்டடத்துக்குள்ளேயே அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஃபிலிப் பர்ட்டனும் ஜார்ஜ் மில்லரும் விசாரணை நடத்தினார்கள். வாஷிங்டனிலிருந்து துறை அனுப்பிய அதிகாரி, விதிமுறையில் என்னென்ன மாற்றம் செய்ய யோசிக்கிறோம் என்று படித்தார். ஊனமுற்ற பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் வைப்பதற்கு வழிவிடுகிற யோசனையும் அதில் இருந்தது. அவர் நடுவில் எழுந்து ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, பர்ட்டன் அந்தக் கதவைக் காலால் உதைத்தார் என்று பதிவாகியிருக்கிறது. ஹ்யூமன் குரல் உடைந்து பேசினார். நாங்கள் சொல்வது புரியாதபோது புரிந்ததுபோலத் தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்று அந்த அதிகாரியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

எத்தனை கூட்டங்களில் எத்தனை தலைகள் என் முன்னால் அப்படி ஆடியிருக்கின்றன! நீங்கள் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரும் நாள் வரும்போது, புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அது போதும். திரும்ப விளக்கிச் சொல்கிறோம்.

அப்புறம் அவர்களில் கொஞ்சம் பேர் விமானம் ஏறி வாஷிங்டன் போனார்கள். சக்கர நாற்காலி ஏறும் பேருந்து அப்போது ஏது? இயந்திரத் தொழிலாளர் சங்கம் ஒரு சரக்கு லாரியை வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தது. பின்பக்கம் கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. நாற்காலிகள் உருண்டுவிடாமல் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, அப்படியே கலிஃபானோ வீட்டுத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இருட்டில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பாடினார்கள். அவர் பின்வாசல் வழியாகக் கிளம்பிப் போனதாகச் சொல்கிறார்கள்.

அந்த ஆஸ்பிரின் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். ஆபத்து அவர் வீட்டுக்குள்ளேயே வந்தது, அதைப் போனில் கேட்ட நொடியில் ஒரு அதிபர் சட்டம் வேண்டும் என்றார். 504 யாருடைய வீட்டுக்குள் இல்லையோ அவர்கள் மேசையில் மூன்றரை வருடம் கிடந்தது. தன் வீட்டுப் பிள்ளைக்கு உடனே ஓடுகிற மனசு எல்லோருக்கும் இயல்பு, அதற்காக நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அரசாங்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு அது போதாது. தங்கள் பிள்ளை அவர் வீட்டில் பிறக்கவில்லை என்பதற்காக மனிதர்கள் இருட்டு லாரியில் உருண்டு வந்து அவர் வாசலில் மெழுகுவர்த்தி பிடிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 28 அன்று கையெழுத்துப் போட்டார். விழா எதுவும் இல்லை. நீர்த்துப்போகச் செய்யும் மாற்றங்கள் எதையும் செய்யாமல் போட்டார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். சான் ஃப்ரான்சிஸ்கோவில் இருந்தவர்கள் இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு ஏப்ரல் 30 அன்று பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள். 25 நாளைக்கு மேல் ஆகியிருந்தது. 1990-இல் வந்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம், 504 போட்ட அடித்தளத்தின் மேல் நின்று, கடைகள், உணவகங்கள், தனியார் வேலை என்று எல்லா இடத்துக்கும் அதைக் கொண்டுபோனது. ஜூடி ஹ்யூமன் 2023 மார்ச்சில் காலமானார். அந்தச் செய்தி வந்த அன்று என் மகளின் மைக்கை எடுத்து ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன்.

அதே கலிஃபானோ அடுத்த வருடம் செய்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு நான் அநியாயம் செய்தவள் ஆவேன். அவர் ஒரு காலத்தில் பாக்கெட் பாக்கெட்டாக சிகரெட் பிடித்தவர். 1975-இல் பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று மகனைக் கேட்டார். நீங்கள் சிகரெட்டை விட வேண்டும் என்றான் பையன். விட்டார். 1978 ஜனவரியில் அமைச்சராக எழுந்து, புகைப்பது மெதுவாகச் செய்துகொள்ளும் தற்கொலை என்று நாடறியச் சொன்னார். துறையில் அதற்கென்று தனி அலுவலகம் திறந்தார். புகையிலை விளையும் வட கரோலினா கொதித்தது. கலிஃபானோ உங்கள் உடல்நலத்துக்குக் கேடு என்று கார்களில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு போனார்கள். கார்ட்டருக்கு ஓட்டு வேண்டிய மாநிலம் அது. கட்சிக்காரர்கள் அடங்கிப் போகச் சொன்னார்கள், இவர் அடங்கவில்லை. கல்விக்குத் தனித் துறை வேண்டாம் என்றும் அதிபரின் விருப்பத்துக்கு எதிராக நின்றார், வெள்ளை மாளிகை ஆட்களோடும் ஒத்துப்போகவில்லை. 1979 ஜூலையில் கார்ட்டர் அவரைப் பதவியிலிருந்து அனுப்பிவிட்டார். இரண்டரை வருடம்தான் அமைச்சர். அந்த இரண்டரை வருடத்தில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடும் பெரிய இயக்கத்தையும் தொடங்கினார். 1992-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போதைப் பழக்கத்தை ஆராயும் மையம் ஒன்றை நிறுவினார்.

பதவி போனாலும் பரவாயில்லை என்று நின்றவர் அவர். நின்ற விஷயமும் சரியானது. அதுவும் அவர் பையன் கேட்ட பிறந்தநாள் பரிசிலிருந்து ஆரம்பித்தது. நல்ல மனிதர், கடும் உழைப்பாளி, அதிகாரத்தின் பக்கத்தில் இருந்துகொண்டு பல பேருக்கு நல்லது செய்தவர். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. என் மகள் கையில் இருக்கிற காகிதத்துக்கு உயிர் கொடுத்த கையெழுத்து அவருடையது. ஆனால் இவ்வளவு நல்ல மனிதரின் அறையிலும் ஒரு காகிதம் அப்படிக் கிடந்தது என்றால், உங்கள் அறையிலும் கிடக்கும். உங்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. நியாயமான கேள்விகள் இருக்கும், வேலை குவிந்திருக்கும், மேலே இருப்பவர் தோளில் குத்திக்கொண்டிருப்பார்.

அதனால் உங்களிடம் வேண்டுவது இதுதான். புது வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, இந்த அறையில் அதிக நாள் காத்திருக்கிற காகிதம் எது என்று கேளுங்கள். அதற்காகக் காத்திருக்கிறவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டு, அவர்கள் இருக்கிற இடத்துக்கு நீங்களே போங்கள். அவர்கள் உங்கள் இடத்துக்கு வர ஒரு லாரி தேவைப்படலாம், உங்களுக்கு ஒரு மெட்ரோ டிக்கெட் போதும். பார்த்துவிட்டு வந்த பிறகும் கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தவறே இல்லை. ஆனால் எத்தனாம் தேதி பதில் சொல்வோம் என்று அவர்களிடம் ஒரு தேதி சொல்லிவிட்டு வாருங்கள். ஐந்து மாதம் நான் கேட்டதெல்லாம் ஒரு தேதி மட்டும்தான்.

அடுத்த மாதம் இரண்டாம் வியாழக்கிழமை மகளின் இந்த வருடத்து 504 கூட்டம். வேறு பள்ளி இப்போது. நாற்பது நிமிஷம்தான் நடக்கும். பெற்றோர் விரும்பினால் தங்களோடு ஒருவரை அழைத்துப் போகலாம். இப்போது அவள் பெரியவளாகிவிட்டதால் அவளே பேசப் போகிறாள், இந்த ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்க்கிறாள். உங்களில் யாருக்காவது அன்று காலை வகுப்பு இல்லையென்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவளிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். ஒரு நாற்காலி கூடுதலாகப் போடச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் வகுப்பு ஆன்ட்டி
நியூ ஜெர்சி